ராயபுரத்தில் நான் ஹவாய் நடத்திய கதை

போன மாதம், நான் வேலை பார்த்த கல்லூரியிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர் தொலைபேசியில் அழைத்தார். பழைய மாணவர் ஒருவரின் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாராம்.

"மேடம், மூணாவது பேப்பர்ல 'ஹவாய் இயல்'னு போட்டிருக்கு. உயிரியல்னு இருக்கணுமோ? அச்சுப் பிழையா?"

"இல்லை தம்பி, ஹவாய்தான். நான்தான் நடத்தினேன்."

மிகுந்த மரியாதையோடு, "அங்க எத்தனை வருஷம் இருந்தீங்க மேடம்?" என்று கேட்டார்.

கிழக்கே காசிமேட்டு மணலைத் தாண்டி நான் போனதே இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "எழுதிக் கொடுங்களேன், கல்லூரி மலர்ல போடலாம்" என்றார். ஓய்வு பெற்றவளிடம் எழுதச் சொல்வது, சும்மா கிடந்த சங்கை ஊதச் சொல்வது மாதிரி. ஊதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டுத் திருவொற்றியூரில் வீட்டில் இருந்தேன். இரண்டாம் வகுப்புதான், மூன்றாம் வகுப்பின் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய இரண்டாம் வகுப்பு. அப்பா தெற்கத்திக்காரர். தேரடிப் பக்கம் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை அமையும்வரை கல்லாவில் உட்கார் என்றார். அதிலிருந்து தப்பிக்க, கண்ணில் பட்ட விளம்பரத்துக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். ராயபுரத்தில் ஒரு மாலைக் கல்லூரி கூப்பிட்டது.

ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பழைய மிளகாய்க் கிடங்குதான் அந்தக் கல்லூரி. மிளகாய் போய் வருடக்கணக்காகியும் நெடி போகவில்லை. முதல் வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே பாடம் நடத்தினேன். படிக்க வருபவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள், கப்பலுக்குப் போய்விட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பவர்கள், மணலி, எண்ணூர்ப் பக்கம் ஆலைகளில் முதல் ஷிப்ட் முடித்துவிட்டு வருபவர்கள். இரண்டு வருடச் சான்றிதழ் படிப்பு. தேறினால் மேஸ்திரி, கூலிக் கூட்டத்தை மேய்க்கும் டிண்டல் என்று ஒரு படி ஏறலாம்.

முதல்வர் பெயர் ஞானப்பிரகாசம். ராயபுரத்துக்காரர். இளமையில் சரக்குக் கப்பலில் தந்தி ஆபரேட்டராக இருந்தவர். எப்போதும் வெள்ளை முழுக்கால்சட்டை, வெள்ளைச் சட்டை. சொல்லுக்குக் காசு கட்ட வேண்டும் என்பது போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். விரலால் மேஜையில் கட்டு, கடகட என்று தந்தி அடிப்பார். என்ன அடித்தார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று பியூன் எனக்குப் பிறகு சொன்னார்.

நேர்காணலில் ஒரே கேள்விதான்.

"ஹவாய் தெரியுமா?"

ரப்பர் செருப்பு ஊரெல்லாம் பரவியிருந்த நேரம் அது. அதற்கு அந்தப் பெயர்தான். நான் குனிந்து என் காலைப் பார்த்தேன்.

"தெரியும் சார். போட்டிருக்கேன்."

அவரும் குனிந்து பார்த்தார். நீல வார். இடது காலில் ஊக்கு குத்தியிருந்தேன். மேஜையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். "பொய் சொல்லலை. போதும். திங்கட்கிழமை வாங்க."

பியூன் கதவருகே நின்று கேட்டிருக்கிறார். நான் தெருவுக்கு வருவதற்குள் 'செருப்பு டீச்சர்' ஆகிவிட்டேன். ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர்தான். பிற்காலத்தில் முகலாயர் ஆட்சியை நடத்தியபோதும் நான் செருப்பு டீச்சர்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "ஏட்டி, இம்புட்டு படிச்சது செருப்பு யாவாரத்துக்கா?"

ஹவாய் ஏன் என்று முதல்வரிடம் கேட்கத் துணிவு வர ஒரு மாதம் ஆனது. அவர் தந்தி பாஷையை மறந்து நீளமாகப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். உலகப் போரின்போது அவருடைய கப்பல் பழுதாகி ஹொனலுலுவில் மாதக்கணக்கில் கிடந்ததாம். மற்றவர்கள் சாராயக்கடையோடு நிறுத்திக்கொண்டார்கள். இவர் ஒரு மீனவர் வீட்டில் சாப்பிட்டு, அவர்களோடு வலை இழுத்து, மாதா கோயிலுக்குப் போய்வந்து அந்த ஊரைப் படித்திருக்கிறார்.

"கப்பல்காரன் ஐம்பது துறைமுகம் பாப்பான், சாமுவேல். எல்லாத்திலேயும் ஒரே கடை, ஒரே சண்டை. ஒரு ஊரையாவது முழுசா தெரிஞ்சிருந்தா, மத்த ஊரை மரியாதையோட பாப்பான். அதுக்கு ஒரு ஊர் வேணும். எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

சாமுவேல் என்பது என் அப்பா பெயர். என் பெயருக்குப் பின்னால் இருந்த அதையே முதல்வர் என் பெயராக எடுத்துக்கொண்டார்; தந்தியில் ஆளுக்கு ஒரு சொல்தான்.

என் பயிற்சி என்பது இதுதான்: ஒரு நிலப்படம், அட்டை கிழிந்த ஒரு சரித்திரப் புத்தகம், அந்தக் காலத்துப் பாதிரிமார் அச்சிட்ட ஓர் இலக்கணம், அப்புறம் முதல்வரின் காது. நான் வாக்கியத்தை வாசிப்பேன். சொல்லெல்லாம் மறந்து ஓசை மட்டும் நினைவிருந்த அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிடிக்கவில்லை என்றால் "ரிபீட்" என்பார். தந்தியில் செய்தி வந்தால் அதைத் திருப்பி அனுப்பிச் சரிபார்க்க வேண்டுமாம். திருப்பிச் சொல்லாத செய்தி செய்தியே இல்லை என்பது அவர் கொள்கை. என் திருமணப் பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுகூட, "மாப்பிள்ளை பெயர், ரிபீட்" என்றார்.

அந்த இலக்கணத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாம் வேதத்தோடு சம்பந்தப்பட்டவை. 'பிரசங்கியார் எழுந்தருளினார்', 'அஞ்சாதே', 'இதோ, நான் வந்தேன்' என்பதெல்லாம் அந்த மொழியில் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. 'டீ குடிக்கிறாயா' என்று கேட்கத் தெரியாது.

வகுப்பு மட்டும் எப்படியோ களை கட்டிவிட்டது. தண்ணீருக்கு 'வை' என்றால் "எங்க வைக்கணும் டீச்சரம்மா?" என்பார்கள். அந்தத் தீவுகளில் வடக்கு தெற்கு சொல்வதில்லை. மலைப் பக்கத்துக்கு 'மௌகா', கடல் பக்கத்துக்கு 'மகாய்' என்பார்கள் என்று ஒருநாள் சொன்னேன். அதை விளக்க அரை மணி நேரம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். தேவைப்படவில்லை. ராயபுரத்தில் எவனும் வடக்கு தெற்கு சொல்லி வழி கேட்டதில்லை; கடல் பக்கம், ரயில் பக்கம், அவ்வளவுதான். மறுநாளே ஒருவர் இன்னொருவரிடம், "டீக்கடை மகாய்ல கீதுபா" என்று சொல்லிக்கொண்டு போனதைக் கேட்டேன்.

இந்த வெற்றி தலைக்கேறி, கல்லூரி மலரில் ஒரு கட்டுரை எழுதினேன். ஹவாய்க்காரர் கழுத்தில் போடும் பூமாலைக்கு 'லெய்' என்று பெயர். அது நம் 'மாலை'யிலிருந்துதான் போனது என்று நான்கு பக்கத்துக்கு நிறுவியிருந்தேன். அந்தக் காலத்தில் எல்லாச் சொல்லும் இங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தன. முதல்வர் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"மாலையில 'மா' எங்கே?"

"காலப்போக்கில் விழுந்துடுச்சு சார்."

"கடல்லயா?"

மேஜையில் ஒரு தட்டுக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மாணவர்களில் லாரன்ஸ் என்று ஒருவர். துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்சு ஓட்டுபவர். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் சொல்வதை உதட்டை அசைத்து அசைத்துத் திருப்பிச் சொல்வார். ஒரு மாலை வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கிரீஸ் கறையோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, உங்க ஊரு ஆளு வந்துக்கீறாரு!"

"திருநெல்வேலியிலேர்ந்தா?"

"அய்ய, ஹவாயிலேர்ந்து!"

விஷயம் இது. துறைமுகத்துக்கு வந்த ஒரு சரக்குக் கப்பலில் வயதான சமையல்காரர் ஒருவர். பெயர் கிமோ. கடலில் வரும்போதே பக்கவாதம் வந்து வலப் பக்கம் விழுந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கியபோது விஞ்சில் இருந்தவர் லாரன்ஸ். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாற்பது வருடமாகக் கப்பலில் இங்கிலீஷ் பேசிய மனிதர், இப்போது ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லையாம். ஏதோ ஒரு பாஷையில் கத்துகிறாராம். கப்பலில் யாருக்கும் அது புரியவில்லை.

"ஊசி போட வுடமாட்றாராம். சோத்தைத் துப்பறாராம். பைத்தியம்னு சொல்லிக்கினு கீறாங்கோ. நான் சொல்ட்டேன், எங்க டீச்சரம்மாக்கு அந்தப் பாஷை அத்துப்படின்னு."

ஹவாய்க்காரர் ஒருவர் பேசி என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது பாதிரிமார் இலக்கணத்தில் முதல் பாதி. முதல்வர் அறைக்குப் போய், எனக்குக் காய்ச்சல் வரும் போலிருக்கிறது என்றேன்.

"போங்க" என்றார். அவ்வளவுதான். கொஞ்சம் கழித்து, "நானும் வரேன்" என்றார்.

வகுப்பே கிளம்பிவிட்டது. வெளியூர் ஆளை மாலை போட்டு வரவேற்பது அந்த ஊர் வழக்கம் என்று நான்தானே பாடம் நடத்தியிருந்தேன்? லாரன்ஸ் வழியில் இறங்கி ஒரு மல்லிகை மாலை வாங்கினார். வெள்ளைப் புடவையில் கையில் மாலையோடு நான் முன்னால் போக, பின்னால் பத்துப் பதினைந்து பேர் கைகட்டி வந்தார்கள். வார்டில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

கிமோ பெரிய உருவம். நரைத்த சுருள் முடி. கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் கட்டிலருகே போய் நின்று, தொண்டையைச் செருமி, "அலோஹா" என்றேன். கண் திறக்கவில்லை. குனிந்து, எனக்கு மிக நன்றாகத் தெரிந்த வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னேன்: "அஞ்சாதே. இதோ, நான் வந்தேன்."

கண் திறந்தது. வெள்ளைப் புடவை, நீட்டிய மாலை, சுற்றிலும் தலை குனிந்து நிற்கும் கூட்டம். ஒரு கணம் பார்த்தார். பிறகு போட்டாரே ஒரு கூச்சல், வார்டின் அந்தக் கோடியில் கால் ஒடிந்து கிடந்தவர் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்.

நர்ஸ் ஓடி வந்தார். "அறிவிருக்கா உங்களுக்கு? உசுரோட இருக்கிற ஆளுக்குப் படுக்கையில மாலை போடறீங்களே! வெளிய போங்க எல்லாரும்!"

வாசலில் நின்றோம். மாலை என் கையிலேயே இருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லாரன்ஸ்தான் மெல்லச் சொன்னார்: "ஒண்ணு மட்டும் கரெக்டு டீச்சரம்மா. அவுருக்கு நீங்க சொன்னது புரிஞ்சுது."

அது உண்மை. அந்தக் கூச்சல்தான் என் மொழிப் புலமைக்குக் கிடைத்த முதல் சான்றிதழ்.

மறுநாள் சாதாரண நீலப் புடவையில், மாலை இல்லாமல், முதல்வரும் லாரன்ஸும் மட்டும் கூட வரப் போனேன். டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. விளக்கினார்: மூளையில் ரத்தம் உறைந்ததில் பிற்பாடு கற்ற மொழி மறைந்து, சின்ன வயதில் பேசியது மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிலருக்கு அப்படி ஆகுமாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

கட்டிலருகே இன்னொருவரும் இருந்தார். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்காரர். கையில் தொப்பி, கண் கடிகாரத்தில்.

"நாளைக்குக் கப்பல் கிளம்புது மேடம். இவர் ஊருக்குத் திரும்புறாரா, இங்கயே இருந்துக்கறாரா? அவர் வாயால ஒரு வார்த்தை வேணும். வரமாட்டேன்னு அவரே சொல்லிட்டா கம்பெனிக்குப் பொறுப்பு முடிஞ்சுது."

டாக்டர் முகம் சுளித்தார். இப்போது கப்பலில் ஏற்றினால் அலையில் தாங்கமாட்டார். இங்கே விட்டால் நாதியற்றுப் போவார். இரண்டில் எது என்று அந்த மனிதர் சொல்ல வேண்டும். அவர் சொல்வதை நான் சொல்ல வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோன்றியது.

கிமோ என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் மெதுவாக, வார்த்தை வார்த்தையாகக் கோத்து, தீவுக்குத் திரும்பிப் போக ஆசையா என்று கேட்டேன். தீவுக்கு 'மோகு' என்ற சொல்லைப் போட்டேன்.

"அஓலெ!" என்றார். இல்லை என்று பொருள். நல்ல கையால் போர்வையைக் குத்தி மறுபடியும், "அஓலெ!"

"வேண்டாங்கறார்" என்றேன்.

ஏஜென்ட் ஆபீஸ்காரர் எழுந்துவிட்டார். "ரொம்ப நன்றி மேடம். வேலை முடிஞ்சுது."

கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கட்டு, கடகட என்று சத்தம் கேட்டது. முதல்வரின் விரல்.

"ரிபீட்" என்றார்.

கேட்டேன். அதே பதில்.

"வேற வார்த்தையில."

வேறு வார்த்தை எனக்கு எங்கே இருக்கிறது? யோசித்து யோசித்து, வீடு என்பதற்கான 'ஹாலெ' வந்தது. உன் வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன்.

அந்தப் பெரிய இடது கை வந்து என் கையைப் பிடித்தது. ஒரு கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. "ஆஏ" என்றார். "ஆஏ, ஆஏ." ஆமாம், ஆமாம்.

"இன்னாபா இது, வேணாங்கறாரு, வேணுங்கறாரு?" என்றார் லாரன்ஸ்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'மோகு' என்றால் தீவு. 'மோகு' என்றால் கப்பலும்தான். அந்த மனிதரிடம் நான் இரண்டு முறை, கப்பலுக்குத் திரும்பிப் போகிறாயா என்று கேட்டிருக்கிறேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், இந்த இரட்டைப் பொருளை வகுப்பில் நானே நடத்தியிருந்தேன். தேர்வில் கேள்வியாகக் கேட்டிருந்தேன். கப்பல் என்பதை எழுத மறந்ததற்காக இதே லாரன்ஸுக்குச் சுழியமும் போட்டிருந்தேன்.

எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லாமல் முடியாது, லாரன்ஸ் அதற்குள் விரலை மடக்கி ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். "டீச்சரம்மா, அந்த மார்க்கு..." என்று ஆரம்பித்தவரை முதல்வர் பார்வையால் நிறுத்தினார்.

பிறகு ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு மூன்று விதமாகக் கேட்டேன். கடல், மண், மனைவி என்று எனக்குத் தெரிந்த சொற்களை வைத்து அவர் துண்டு துண்டாகச் சொன்னதில் இவ்வளவு தேறியது. வீட்டுக்குப் போக வேண்டும். மனைவியை அடக்கம் செய்த இடத்தில் தன்னையும் அடக்கம் செய்ய வேண்டும். கப்பலில் செத்தால் கடலில் போட்டுவிடுவார்கள். கப்பல் மட்டும் வேண்டாம்.

ஏஜென்ட் ஆபீஸ்காரர் தொப்பியைச் சுழற்றினார். "மேடம், முதல்ல ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. எதை நம்பறது? நீங்க இந்தப் பாஷையை எங்க படிச்சீங்க?"

"இங்கதான். ராயபுரத்தில்."

அவர் சிரித்தார். நானே அவர் இடத்தில் இருந்தால் சிரித்திருப்பேன். முதல்வர் சிரிக்கவில்லை.

"முதல் செய்தி தப்பு. திருத்தியாச்சு. இரண்டாவது செய்தி சரி. நான் சாட்சி. இவரை விட்டுட்டுக் கப்பல் கிளம்பினா, கம்பெனிக்கு தினமும் தந்தி வரும். நான் அனுப்புவேன்."

கப்பல் கிளம்பியது. தந்தியும் போனது. தினமும் ஒன்று. கடைசியில் அந்தக் கம்பெனி, இந்த மனிதரிடமிருந்து தப்பிக்க விமானச் செலவே தேவலை என்று முடிவு செய்தது. ஆனால் அதற்குச் சில வாரங்கள் பிடித்தன. கிமோ எழுந்து உட்காரவும் அந்த அவகாசம் தேவைப்பட்டது.

தினமும் வகுப்புக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஊசி போடப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொன்னால் கை நீட்டிவிடுவார். அவர் சோற்றைத் துப்பியது பைத்தியத்தால் இல்லை. சமையல்காரர், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று கோபம். லாரன்ஸ் தன் வீட்டு மீன்குழம்பைக் கொண்டுவந்தார். நர்ஸுக்குத் தெரியாமல் அது உள்ளே போனது. காரத்தில் கண் சிவந்து, இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டினார்.

ஒருநாள் நான் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வாக்கியம் தயாரித்துக்கொண்டிருக்கும்போது, கட்டிலிலிருந்து சுத்தமான இங்கிலீஷ் வந்தது. குழறல்தான், ஆனால் இங்கிலீஷ்.

"மிஸ், நீங்கள் பேசுவது ரொம்ப அழகாக இருக்கிறது. ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன பாதிரியார் பேசுவது மாதிரி இருக்கிறது."

முதல் நாள் கண் திறந்தபோது தான் செத்துவிட்டதாகவே நினைத்தாராம். வெள்ளை உடுப்பில் தேவதூதர் வந்து அஞ்சாதே என்கிறார், கையில் மாலை. "அதுகூடப் பரவாயில்லை. மோட்சத்தில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது, இனி என்றென்றைக்கும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா என்று நினைத்துத்தான் கத்தினேன்" என்றார்.

நான் சிரித்தேன். நர்ஸ் வந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு அவர் கேட்டார்: இங்கே எதற்காக இதைப் படிக்கிறீர்கள்? யார் படிக்கிறார்கள்? விஞ்சு ஓட்டுபவர், சுமை தூக்குபவர், ஆலைத் தொழிலாளி என்று சொன்னேன். கூரையைப் பார்த்தபடி சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசினால் அடி விழுமாம். அவருடைய பிள்ளைகளுக்கு அவர் அதைச் சொல்லித் தரவில்லை. அவர்களும் அடி வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அலோஹா தெரியும், அதற்கு மேல் தெரியாது.

"என் வீட்டில் என்னோடு பேச ஆள் இல்லை. இங்கே ஒரு ஆள் இருந்திருக்கிறார். தப்புத் தப்பாக" என்றார்.

அன்று மாலை வகுப்பில் இதைச் சொன்னேன். லாரன்ஸ் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"தன் பாஷைய பேசுனதுக்கா அடிச்சாங்கோ?"

"ஆமாம்."

"எங்குளுக்குத் தேவலை டீச்சரம்மா. கீதுன்னு எழுதினா நீங்கோ மார்க்கு மட்டும்தான் கொறைக்கிறீங்கோ."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குத் திருத்த வைத்திருந்த தாள்களை வீட்டுக்கு எடுத்துப் போய், சிவப்பு மையை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா, "ஏட்டி, பேனாவுல மை இல்லியா?" என்றார். "இருக்கு, ஆனா இன்னிக்கு வேண்டாம்" என்றேன்.

அந்தப் படிப்பு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நடந்தது. முதல்வர் ஓய்வு பெற்றதும் புதியவர் வந்து பாடத்திட்டத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அடுத்த ஆண்டு முதல் நான் முகலாயர்களிடம் போய்ச் சேர்ந்தேன். அவர்களைப் பற்றி நான் எவ்வளவு தப்பாகச் சொன்னாலும் படுக்கையிலிருந்து எழுந்து கூச்சல் போட யாரும் இல்லை. வேலை சுகமாகத்தான் இருந்தது.

கிமோவை வழியனுப்ப மீனம்பாக்கத்துக்குப் போனோம். முதல்வர், நான், லாரன்ஸ். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து ஒரு சம்பங்கி மாலை வாங்கியிருந்தார்கள். கிமோ கைத்தடி ஊன்றி நின்றார். வலது கால் இழுத்தது. இந்தத் தடவை லாரன்ஸ் மாலையை நீட்டியதும் அவரே தலையைக் குனிந்தார். முதல்வரும் அவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். இருவரும் ஹொனலுலுவில் ஒரே தெருவைப் பற்றி ஏதோ பேசினார்கள். முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், தேவையே இல்லாமல்.

கடைசியாக என்னிடம் வந்தார். இங்கிலீஷ் அதற்குள் நன்றாகவே திரும்பியிருந்தது. ஆனால் அவர் இங்கிலீஷில் பேசவில்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் மொழியில் பேசினார். நீளமாக, வேகமாக, நூறு வருடத்துப் பாதிரியார் யாரும் பேசியிருக்க முடியாத மாதிரி. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். 'பெயர்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. யார் பெயர், எதற்கு, தெரியாது. குரல் மேலே ஏறி நின்றது. அது ஒரு கேள்வி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மணிக்கட்டை விடவில்லை.

"ஆஏ" என்றேன்.

அந்தப் பெரிய முகத்தில், விழுந்துபோன பாதியும் சேர்ந்து தெளிந்த மாதிரி இருந்தது. கையை விட்டார். தடியை ஊன்றி, மாலையைக் கழற்றாமலேயே நடந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

லாரன்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா சொன்னாரு டீச்சரம்மா?"

"எல்லாரையும் நல்லாப் படிக்கச் சொன்னார்."

அவர் விமானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவ்ளோ நேரம் பேசினாரே, இத்தினியூண்டுதானா?"

"சில பாஷை அப்படித்தான் லாரன்ஸ், கொஞ்சம் நீளமா இருக்கும்" என்றேன், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு.